சுண்டல் அட்டை

எண்பதுகளில் ஒரு பகல் ரயில். எதிரே இருந்தவர் சென்னையில் கம்ப்யூட்டர் வாத்தியாராம். நரைத்த கிருதா, சட்டைப் பையில் சிவப்புப் பேனா. டிக்கெட்டோ செய்தித்தாளோ, கையில் எது இருந்தாலும் அதன் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருப்பார்.

"அரியலூர் சிமெண்ட் ஆபீஸ்லதான் சார் என் மொத ப்ரோக்ராம் எழுதுனேன். அப்பல்லாம் ப்ரோக்ராம்னா பெட்டி நெறய ஓட்டை போட்ட அட்டைங்க, அட்டைக்கு ஒரு வரி. கலைஞ்சா வரிசையா அடுக்கணும்னு மொத்த அடுக்கோட விளிம்புல குறுக்கால சிவப்பு மையில கோடு இழுத்து வச்சிருக்கேன்; ஒவ்வொரு அட்டையிலும் ஒரு புள்ளி விழும். நாளைக்கு கம்ப்யூட்டர் வரலாறு எழுதுறவனுக்கு வேணும்ல? வாங்கிட்டு வரத்தான் போறேன்."

அரியலூருக்கு முந்தைய ஸ்டேஷனில் ஒரு சுண்டல்கார அம்மா ஏறினார். ஆளுக்கொரு தொன்னைச் சுண்டல், அள்ளித் தின்ன ஓர் அட்டை. தன் அட்டையின் விளிம்பைத் தடவியவரின் விரல் நின்றுவிட்டது. அங்கே ஒரு சிவப்புப் புள்ளி.

"ஏம்மா, இது ஏது?"

"சிமெண்ட் ஆபீஸ்ல புது மெஷின் வந்துருச்சுன்னு மூட்டையா எடைக்குப் போட்டுட்டாங்க சார். நல்ல கெட்டி அட்டைங்க. இன்னையோட தீந்துபோச்சு."

அவர் எழுந்து, எச்சில் அட்டைகளை ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்கிச் சட்டையில் துடைத்து அடுக்கினார். கடைசியாக என்னிடம் கை நீட்டினார்.

என்னுடையதைக் கிழித்து நான் பல் குத்திக்கொண்டிருந்தேன்.