ஷிப்மெண்ட்டுக்குப் போன மாத்திரை

எங்கள் ஊரில் மாத்திரையை யாரும் மருந்தாக நினைப்பதில்லை. ஷிப்மெண்ட், அதாவது வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பும் நாள், நெருங்கினால் பனியன் கம்பெனியில் டீயோடு உடம்புவலி மாத்திரையும் வரும். ஒருவர் அட்டையிலிருந்து இன்னொருவர் கிள்ளி விழுங்குவார். அந்தக் கேடுகெட்ட பழக்கம்தான் என் மகளின் மருந்திலும் கை வைத்தது.

அவள் அப்போது நாலாம் வகுப்பு. ஓரிடத்தில் உட்கார மாட்டாள். பாதி நாள் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள். கோயம்புத்தூரில் ஒரு மனநல மருத்துவர் பலமுறை வரவழைத்துப் பார்த்து, ஏ.டி.எச்.டி., கவனம் ஓரிடத்தில் நிற்காத, துறுதுறுப்பு அடங்காத குறைபாடு என்றார். எடை, நாடி, ரத்த அழுத்தம் பார்த்து, குடும்பத்தில் இதய நோய் உண்டா என்று கேட்ட பிறகே மாத்திரை எழுதினார். காலையில் சாப்பிட்டதும் ஒன்று. வேறு யாருக்கும் தரக் கூடாது என்றார். மதியம் அவளுக்குப் பசி குறைந்தது. சொன்னோம், அளவை மாற்றினார். அதன்பிறகு ஒருநாள், ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கொண்டுவந்து காட்டினாள்.

என் கொழுந்தன் பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். எங்களோடுதான் இருந்தான்.

“அண்ணி, பாப்பா மாத்திரைல ரெண்டு குடுங்க. அதத் தின்னா தூக்கமே வராதாமா. ஷிப்மெண்ட் முடியற வரைக்கும் தூங்காம வெட்டோணும்.”

“அது புள்ளைக்கு எழுதுனது.”

“புள்ளைக்கே குடுக்கறாங்க, எனக்கென்னங்க ஆயிப்போகுது? எருமையாட்ட இருக்கறேன்.”

“அப்ப மாட்டு டாக்டரப் போய்ப் பாரு.”

சிரித்தான். நான் வேலைக்குப் போனதும் பீரோவைத் திறந்து, எனக்குத் தெரியாமலிருக்க மேலே ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, மற்ற அட்டைகளையெல்லாம் எடுத்துக்கொண்டான்.

சில நாள் கழித்து நடுப்பகலில், வெட்டிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். ஆஸ்பத்திரியில் என்ன சாப்பிட்டாய் என்று டாக்டர் கேட்டபோது, “டீ மட்டும்தானுங்க குடிச்சேன்” என்றான். அவன் சட்டைப் பையிலிருந்து காலி அட்டையை உருவி டாக்டரின் மேஜையில் வைத்தேன். நல்லவேளை, பிழைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் ஆரம்பித்தார். “அந்தக் கிறுக்கு மாத்திரை இனி இந்த ஊட்டுக்குள்ள வரக்கூடாது. என்ற பையனையே கொன்னிருக்கும்.”

“திருடித் தின்னது உங்க பையன்தானுங்க அத்தை. தண்டனை என் புள்ளைக்கா?”

மிச்சமிருந்த அட்டையும் தீர்ந்து, மாத்திரை இல்லாத அந்த வாரம் மகள் மறுபடி வகுப்புக்கு வெளியே நின்றாள்.

கோயம்புத்தூர் மருத்துவர் என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தார். “அதுக்குள்ள எப்படித் தீர்ந்துச்சு? யாருக்காவது வித்தீங்களா?” காது கூசியது. கொழுந்தனையே கூட்டிப் போயிருந்தேன். “சொல்லு” என்றேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அவனைத் திட்டித் தீர்த்துவிட்டு, குறைந்த நாளுக்கு மட்டும் எழுதித் தந்தார். இனி பீரோவைப் பூட்டி வைக்க வேண்டும், சாவி என் இடுப்பை விட்டு இறங்கக் கூடாது என்றார்.

மறுநாள் காலை இட்லி தின்றதும் மகளுக்கு மாத்திரை கொடுத்தேன். மாமியார் முறைத்துக்கொண்டு நின்றார். முறைக்கட்டும். மகள் விழுங்கிவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள்.