தட்டுவதற்கு முன்னால் வந்த எழுத்து

நீங்கள் நம்ப மாட்டீர்கள், பரவாயில்லை, வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். பேய், பிசாசு, சகுனம் எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததே கிடையாது.

எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்த்தேன். ஏசி அறையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதிலிருந்து ஒயர் இழுத்து செக்‌ஷனுக்கு ஒரு டெர்மினல், அதாவது வெறும் திரையும் கீபோர்டும். அங்கே தட்டுகிற எழுத்து நேராகத் திரைக்குப் போகாது. ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு வந்து, டிரைவர் என்கிற புரோகிராம் அதை வாங்கித் திருப்பி அனுப்பினால்தான் திரையில் தெரியும். அந்த டிரைவரை எழுதியவன் நான்தான், அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஸ்டோர்ஸில் கஸ்தூரி என்றொரு பெண், கள்ளிக்குப்பத்திலிருந்து வருவாள். அவள் பதிகிறதெல்லாம் தப்பாக வந்தது, ஐந்து என்று போட்டால் ஐம்பத்தைந்து ஆகிவிடும். மானேஜர் அவளைச் சனிக்கிழமையோடு நின்றுவிடச் சொல்லிவிட்டார். அவள் என்னிடம் வந்தாள்.

“நான் கை வெக்கறதுக்கு முன்னயே எழுத்து வந்து நின்னுகினு கீது சார். நான் தட்டினா இன்னொண்ணு உழுது.”

சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம், ஸ்டோர்ஸில் நாங்கள் இருவர் மட்டும். உட்கார்ந்து என் பெயரைத் தட்டலாம் என்று நினைத்தேன், நினைத்ததுதான், விரல் இறங்கவில்லை, திரையில் முதல் எழுத்து நிற்கிறது. ஏதோ கோளாறு என்று கீபோர்டையே கழற்றிக் கவிழ்த்து வைத்தேன். இரண்டு கையும் என் மடியில். திரை தானாக ஓடியது, இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். ‘அவ மேல தப்பு இல்ல.’ அதற்குக் கீழே இன்னொரு வரி.

அப்புறம் நான் செய்ததைச் சொல்லவே கூசுகிறது. அலறிக்கொண்டு நாற்காலியோடு விழுந்து, எழுந்து, கழன்ற செருப்பைக்கூட எடுக்காமல் ஓடினேன். கஸ்தூரிதான் நிதானமாகப் பிளக்கைப் பிடுங்கினாள்.

சாயங்காலம் மானேஜர் கூப்பிட்டு என்ன கோளாறு என்று கேட்டார். ஒயர் சரியில்லை என்றிருந்தால் முடிந்திருக்கும். என் வாயில் வந்தது, “அவ மேல தப்பு இல்ல.”

திரையில் வந்த அதே வரி என்று சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. பார்த்ததைக் கொட்டிவிட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

“ஏன்யா, நீ படிச்சவன்தானே?”

அவள் வேலை தப்பியது, டெர்மினலே இல்லாத பேக்கிங் பக்கம் மாற்றிவிட்டார்கள். என் மானம்தான் போனது. டீக்கடையில், “இன்னா டிரைவரண்ணே, இன்னிக்கு வண்டில யாரு குந்திகினு கீறாங்க?” என்பார்கள், சுற்றி நிற்பவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். கம்பெனியை விடுகிறவரை தலை நிமிர்ந்து நடக்கவில்லை. டிரைவரை வரிவரியாகப் படித்துப் பார்த்தேன், ஒரு பிழையும் இல்லை. அந்த டெர்மினலும் அதற்குப் பிறகு ஒழுங்காகத்தான் ஓடியது.

இரண்டாவது வரியை நான் மானேஜரிடமும் சொல்லவில்லை. ‘அவள எழுப்பாதீங்க.’

முதல் வரி என் வாயிலிருந்து வந்துவிட்டது, இது இன்னும் வரவில்லை. வருகிற அன்றைக்கு, யாரைப் பார்த்துச் சொல்கிறேனோ அவள் எழுந்திருக்கவே மாட்டாள் என்று பயம். இரண்டு பெண்களை அதைச் சொல்லாமலே வளர்த்தேன், தூங்குகிற பிள்ளை பக்கத்தில் யாராவது சத்தம் போட்டால் கையைத்தான் ஆட்டுவேன். போன மாதம் பேத்தி என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள், வந்த உறவுக்காரர்கள் அவளைக் கையில் எடுக்கக் குனிந்தார்கள். நுனிநாக்குவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நானே குழந்தையை உலுக்கினேன். என் மகள் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். குழந்தை அழ ஆரம்பிக்கிறவரை எனக்கு மூச்சே வரவில்லை.