ஊத்துக்குழியில் இறக்கிய இஞ்சின்

போடிநாயக்கனூரில் வேலுச்சாமி என்று கேட்டால் நாலு பேரைக் கை காட்டுவார்கள். இஞ்சின் வேலு என்று கேட்டால் ஒரே ஆள்தான். ஆள் குள்ளம், கோபம் நெட்டை. தோளில் பெட்ரோல் பம்பைத் தூக்கி வைத்து, கழுத்தில் ஓஸ் பைப்பைச் சுற்றிக்கொண்டு அவன் பஸ்சில் ஏறினால், லக்கேஜ் டிக்கெட் கேட்பதற்குக் கண்டக்டரே ஒரு தடவை யோசிப்பார்.

மழைக்காலத்தில் அவனுக்குச் சோலி கீழே. கொட்டகுடி ஆறு பெருகித் தென்னந்தோப்பில் தண்ணீர் நின்றால் வேலு வர வேண்டும். வீடு கட்ட அஸ்திவாரத்துக்குத் தோண்டிய வானத்தில் ஊற்றடித்தால் வேலு வர வேண்டும். கோடை பிறந்துவிட்டால் இஞ்சினோடு ஜீப்பேறி மலைக்குப் போய்விடுவான். அங்கே ஏலத்தோட்டக்காரர்கள் ஓடைத் தண்ணீரைச் சரிவில் ஏற்றுவதற்கு அவனைக் கூப்பிடுவார்கள். ஊரெல்லாம் தண்ணீரை வேண்டாம் என்றால் இறைத்துக் கொட்டுவதும், வேண்டும் என்றால் ஏற்றிக் கொடுப்பதும் அந்த ஒரே இஞ்சின்தான்.

தொழிலில் அவன் சுத்தம். ஒருமுறை போடியில் ஒரு வீட்டுத் தொட்டிக்குத் தோண்டிய பள்ளத்தில், இஞ்சினை உள்ளேயே இறக்கிவிடச் சொன்னார் கொத்தனார். வேலு குதித்த குதி இருக்கிறதே! "குழிக்குள்ள இஞ்சின் வைக்கிறதும் எமனுக்குப் பாய் விரிக்கிறதும் ஒண்ணுய்யா. பொகை எங்க போகும், உங்கப்பன் வீட்டுக்கா?" என்று தெருவே கூடும்படி கத்திவிட்டு, இஞ்சினைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டான். அப்படிச் சொன்னவன்தான். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனை சறுக்கினால் ஆனைக்கு மட்டும்தானே அடிபடும், அதையும் சொல்ல வேண்டும் அல்லவா?

அவன் மனைவி வீரலட்சுமி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டுக்கு அப்பால் எஸ்டேட்டில் ஏலக்காய் எடுத்துவிட்டு, பொழுது சாயத் திரும்புகிறவள். அடுத்தவர் செடிக்கே குனிந்து குனிந்து முதுகு வளைந்துபோயிற்று. அவளுக்கு ஒரே ஒரு ஆசை. தன்னுடையது என்று சொல்லிக் காய் எடுக்க ஒரு துண்டு ஏலச்செடி வேண்டும். பிள்ளை இல்லாத வீடு. அவளுக்கு ஆசைப்பட வேறு என்ன இருக்கிறது? மெட்டுக்குக் கீழே ஓடைக்கு மேற்சரிவில், யாரும் சீந்தாத அரை ஏக்கர் குத்தகைக்கு வந்தபோது, காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தவள் அவள்தான்.

கல்லைப் பிடுங்கி, குழியெடுத்து, நாற்று வைத்தாள். ஏலச்செடி வைத்தவுடன் காய்ப்பதில்லை. மூன்றாம் வருசம்தான் தூரிலிருந்து சரம் விட்டுத் தரையோடு படர்ந்து பூக்கும். அந்த மூன்றாம் வருசம்தான் இந்த வருசம். தை மாசம் முதல் சரத்தைப் பார்த்துவிட்டு, "இந்தாய்யா, இங்க வந்து பாரு" என்று அவள் கூப்பிட்ட குரலில், வேலு பாம்புதான் என்று கம்பை எடுத்துக்கொண்டு ஓடினான். அவள் மண்ணில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் மழையே இல்லை. மாசி போயிற்று, பங்குனி போயிற்று, சித்திரையும் பாதி போயிற்று. மலை என்று பேர்தான். வெயில் போடிப் பஸ் ஸ்டாண்டு வெயில். பெரிய எஸ்டேட்டுக்காரர்கள் பச்சை வலை கட்டி நிழல் கொடுத்தார்கள். வீரலட்சுமி தன் பழைய சேலைகளைக் கிழித்துச் செடிகளுக்கு மேல் கட்டினாள். கட்டிய சேலைக்கு அடியிலும் இலை சுருண்டது, சரத்தின் நுனி கருகியது.

ஓடையும் வற்றியது. ஆளாளுக்கு இஞ்சினைப் போட்டு உறிஞ்சினால் நாலே நாளில் கல்தான் மிஞ்சும் என்று, ஓடையோரத்துச் சின்னத் தோட்டக்காரர்கள் எல்லாரும் கருப்பசாமி கல்லுக்கு முன்னால் கூடினார்கள். மழை விழும்வரை யாரும் ஓடையில் இஞ்சின் வைக்கக்கூடாது. அவரவர் ஊத்துக்குழியில் ஊறுவதைக் குடத்தில் மோந்து ஊற்றிக்கொள்ள வேண்டும். அதுதான் முடிவு. பேசியதோடு விடவில்லை, சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்றார்கள். அந்தக் கூட்டத்தில் மூத்தவர் கண்ணுச்சாமி. இரண்டு வருசத்துக்கு முன்னால் சத்தியம் மீறி இஞ்சின் வைத்த ஒருவனுடைய ஓஸ் பைப்பை அரிவாளால் துண்டு துண்டாக நறுக்கி, அவன் வீட்டு வாசலிலேயே போட்டுவிட்டு வந்த மனுசர். அவர் வேலுவைப் பார்த்துச் சொன்னார்:

"இஞ்சின் வச்சுப் பொழைக்கிறவன் நீ. அதனால மொதல்ல நீ அணை."

வேலு எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தான். அணைக்கும்போது மனசாரத்தான் அணைத்தான். பொய் சொல்லக்கூடாது, அவன் வஞ்சகன் இல்லை.

ஆனால் மற்றவர்கள் தோட்டம் ஓடையை ஒட்டியது. இவர்களுடையது செங்குத்தாக ஏற வேண்டிய சரிவு. புருசனும் பெண்டாட்டியும் தோட்டத்திலேயே ஒரு சாளைக் குடிசை போட்டுத் தங்கி, விடிந்ததிலிருந்து குடம் சுமந்தார்கள். ஒரு வரிசைக்கு ஊற்றி அடுத்த வரிசைக்குப் போவதற்குள் முதல் வரிசை காய்ந்து நின்றது. வீரலட்சுமி ஒருநாள் பாதிச் சரிவில் குடத்தோடு விழுந்தாள். முழங்கால் சிராய்ந்து ரத்தம் வந்தது. அவள் முழங்காலைப் பார்க்கவில்லை, மண்ணுக்குள் போன தண்ணீரைத்தான் பார்த்தாள்.

"போச்சேய்யா, அஞ்சு செடிக்குத் தண்ணி" என்று அழுதாள்.

வேலுவுக்குப் பொறுக்கவில்லை. "இஞ்சின் சும்மாதான சாளையில கெடக்கு" என்றான்.

"அய்யய்யோ, சூடம் அணைச்சிருக்கய்யா!"

"நாம என்ன ஓடையிலயா எடுக்கப் போறோம்? நம்ம குழியில ஊறுறத நாம ஏத்துறோம். குடத்துல எடுத்தா என்ன, ஓஸ்ல எடுத்தா என்ன?"

"கண்ணுச்சாமி மாமா காதுல விழுந்துச்சு, தலைய வாங்கிப்புடும்."

"காதுல விழுந்தாத்தான?"

அவள் மறுபடி வேண்டாம் என்று சொல்லவில்லை. செடிகளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகத்தான் அவன் எல்லாவற்றையும் செய்தான்.

அவர்கள் ஊத்துக்குழி இரண்டாள் ஆழம். இரண்டு பக்கமும் பாறை, நடுவில் கிணறு மாதிரிக் குறுகலாக இறங்கும். உள்ளே இறங்க ஒரு ஏணி சாத்தியிருக்கும். மேலே இஞ்சினை வைத்தால் மலை முழுக்கக் கேட்கும். ஆகவே தண்ணீருக்குச் சற்று மேலே, பக்க மண்ணில் படி வெட்டி இஞ்சினை அதில் உட்கார வைத்தான். குழியின் வாயில் மூங்கில் போட்டு, நீலப் படுதாவை விரித்து, அதன்மேல் நனைத்த சாக்குகளைப் பரப்பினான். புகைக்காக ஒரு ஓரத்தைத் திறந்து விட்டான். கொத்தனாரிடம் குதித்தவனுக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்துதான் ஓரத்தைத் திறந்து விட்டான்.

நேரமும் பார்த்துத்தான் வைத்தான். காலையில் ஆள் ஏற்றிய ஜீப்புகள் கொண்டை ஊசி வளைவுகளில் உறுமிக்கொண்டு ஏறும். ஒன்று போனால் இன்னொன்று வரும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் இஞ்சினைப் போட்டு, இரவெல்லாம் ஊறியதை ஏற்றிவிட்டு, ஜீப்புகள் ஓய்வதற்குள் நிறுத்திவிட வேண்டும். அவள் குழியருகே காவல், அவன் மேலே செடிகளில் ஓஸ் பிடிப்பான்.

"என்ன ஆனாலும் வாயத் தொறக்காத. கூப்பாடு போட்ட, தொலைஞ்சோம். நானும் கூப்பிட மாட்டேன்" என்று அவளிடம் கண்டித்துச் சொல்லியிருந்தான்.

இரண்டு மூன்று காலை அப்படியே நடந்தது. செடி என்ன லேசுப்பட்டதா? ஒரு வாய் தண்ணீர் கண்டதும் சுருண்ட இலை விரிந்தது. எதிரே கண்ணுச்சாமி வந்தால் இருவரும் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். அவரும் ஒன்றும் கேட்கவில்லை. வீரலட்சுமி பகலில் பேருக்கு நாலு குடம் சுமந்து காட்டினாள்.

அன்றைக்கும் வழக்கம்போல் இஞ்சினைப் போட்டான். போட்ட பிறகுதான் உறைத்தது, ரோட்டில் ஒரு ஜீப்புச் சத்தமும் இல்லை. வீரபாண்டித் திருவிழாவுக்கு எஸ்டேட் ஆட்கள் எல்லாம் லீவு போட்டுக் கீழே போய்விட்டார்கள். மலை அத்தனை அமைதியாக இருந்தது. இஞ்சின் குழிக்குள்ளிருந்து அடிக்கிற சத்தம் அவனுக்கு நெஞ்சில் அடிக்கிற மாதிரி இருந்தது.

"நிப்பாட்டிருய்யா" என்றாள் வீரலட்சுமி, தாழ்ந்த குரலில்.

நிறுத்தியிருக்கலாம். பாவி, நிறுத்தியிருக்கலாம்! கடைசி இரண்டு வரிசை பாக்கி இருந்தது. அதில்தான் சரம் அதிகம். இன்றைக்கு விட்டால் நாளைக்கு அந்த வரிசை இருக்காது என்று நினைத்தான். திறந்திருந்த ஓரத்தைப் பார்த்தான். சத்தம் அந்த வழியாகத்தான் வந்தது. ஈரச் சாக்கு ஒன்றை எடுத்து அந்த வாயையும் அடைத்தான். சத்தம் அமுங்கியது.

"கொஞ்ச நேரந்தான். வெரசா முடிச்சிட்டு வந்துர்றேன். நீ இங்கனயே இரு" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினான்.

ஒரு வரிசை முடிந்தது. அடுத்த வரிசையில் நாலைந்து செடி நனைந்திருக்கும், ஓஸ் இருமியது; தண்ணீர் நூலாக இறங்கி நின்றது. காற்றில்லாமல் இஞ்சின் மூச்சுத் திணறி அணைந்திருக்கிறது. வேலு பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று நினைத்தான். கயிற்றை இழுத்து இஞ்சினைப் போட அவளுக்குத் தெரியும், அவன்தான் கற்றுக்கொடுத்தான். பெட்ரோல் ஊற்றிப் போடுவாள் என்று ஓஸைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

தண்ணீர் வரவில்லை. கீழே எட்டிப் பார்த்தான், மரங்கள் மறைத்தன. "லச்சுமி" என்று ஒரு சத்தம் கொடுக்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டான். அவளும் கூப்பிடவில்லை. சொன்னபடி நடக்கிறாள், கெட்டிக்காரி என்றுகூட நினைத்தான். கொஞ்சம் பொறுத்துக் கோபம் வந்தது. "ஒரு சோலி உருப்படியா செய்யத் தெரியுதா இவளுக்கு" என்று முணுமுணுத்தபடி இறங்கினான்.

குழியின் வாயில் ஒரு பக்கச் சாக்கு விலகிக் கிடந்தது. ஏணியின் நுனி வெளியே தெரிந்தது. அவளைக் காணோம்.

படுதாவைப் பிடுங்கி எறிந்தான். கீழே, இஞ்சினுக்குப் பக்கத்தில், படியில் தலை சாய்த்துக் கிடந்தாள். கயிற்றை இழுக்கப் போன கை அப்படியே நீண்டிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். தூக்கினான், முடியவில்லை. மறுபடி தூக்கினான். தலை கிறுகிறுத்துக் காலில் பலம் போயிற்று. எப்படி மேலே வந்து விழுந்தானோ தெரியாது. வந்து விழுந்ததும் கத்தினான். அன்றைக்கு அந்த ஓடையே கிழிகிற மாதிரிக் கத்தினான்.

"அய்யோ, எல்லாரும் வாங்களேன்! கண்ணுச்சாமி அண்ணே! என் லச்சுமி குழிக்குள்ள கெடக்காளே!"

வந்தார்கள். கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்தார்கள். கண்ணுச்சாமிதான் முதல் ஆள், கையில் கயிறு. அவர் பெண்டாட்டி சுருளியம்மாள் பின்னாலேயே வந்தாள். யாரும் இஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இலைக்கொப்பைக் கயிற்றில் கட்டி இறக்கி ஏற்றிக் குழிக்குள் நின்ற புகைக்காற்றை விரட்டினார்கள். இடுப்பில் கயிறு கட்டிக் கண்ணுச்சாமியே இறங்கி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். அன்றைக்கு ரோட்டில் வந்த ஒரே ஜீப்பை மறித்து, வளைவு வளைவாகப் போடிக்கு இறக்கினார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கீழே வைத்தார்.

பிணவறைக்கு வெளியே சிமெண்டு பெஞ்சில் வேலு உட்கார்ந்திருந்தான். அழுகை வரவில்லை. கண்ணுச்சாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் சட்டையெல்லாம் குழியின் சேறு. வேலு அவர் காலைப் பிடித்துக்கொண்டான்.

"சத்தியத்த மீறிட்டேன்ணே. உங்களுக்குப் பயந்துதாண்ணே சாக்கப் போட்டு அடைச்சேன். சத்தம் கேட்ரக் கூடாதுன்னு அடைச்சேண்ணே."

கண்ணுச்சாமி அவனை எழுப்பவில்லை. துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு இருந்தார்.

"கேட்டுச்சுடா" என்றார் கடைசியில்.

வேலு தலையைத் தூக்கினான்.

"மொத நாளே கேட்டுச்சு. எல்லாத்துக்கும் கேட்டுச்சு. நான் அருவாளத்தான் தேடுனேன். உங்க மதினிதான் தடுத்தா. 'அந்தப் பிள்ள மூணு வருசமா அந்தச் செடியோட செத்துப் பொழைக்கிது, நாலு நாளு எடுத்துட்டுப் போகட்டும், கேக்காத மாதிரி இருங்க'ன்னா. மத்தவுகளும் சரின்னுட்டாக. இன்னைக்கு இஞ்சின் நின்னதும் கேட்டுச்சு வேலு. சோலி முடிஞ்சிருச்சு போலன்னு நெனச்சிக்கிட்டு நான் எஞ்செடிக்குத் தண்ணி மோந்துக்கிட்டு இருந்தேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாண்ணே?" என்றான் வேலு. "தெரியும்னு ஒரே ஒரு வார்த்த?"

"சொன்னா உங்க ரெண்டு பேருக்கும் வெக்கமா இருக்கும்னு நெனச்சோம்டா" என்றார் கண்ணுச்சாமி.