வீட்டில் உண்டு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்கு வருத்தமில்லை, இதில் வருகிற அம்மாவே சிரித்தவர்தான்.

ஜெர்மன் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். பழனி கடைத்தெருவில் போர்டு எழுதுகிற ராவுத்தர் நான். மலையில், தாண்டிக்குடிக்கு மேலே, காபியும் ஆரஞ்சும் பயிரிட்டுக்கொண்டு பாட்டெழுதிய ஒரு கவிஞரின் தோட்டவீடு இருந்தது. அவர் காலமான பிறகு அதை அப்படியே நினைவில்லமாக வைத்துக் காக்க வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் கூடி முடிவெடுத்து, வாசல் சுவரில் அவருடைய வரி ஒன்றை எழுத என்னைக் கூப்பிட்டார்கள். கவிஞரின் மனைவிக்கு மட்டும் இதில் இஷ்டமில்லை. "அவுக இல்லாத வீட்ட ஆளாளுக்கு வந்து வேடிக்கை பாக்கவா? பக்கத்து எஸ்டேட்காரருக்கே குடுத்துர்றேன், இடிச்சுட்டுக் காபி காயப்போடக் களம் போட்டுக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். திறப்பு நாளன்று வந்து பார்ப்பதாக மட்டும் ஒப்புக்கொண்டார்.

அதற்கு முந்தின நாள் மத்தியானம் நான் தனியாக ஏணியில் நிற்கிறேன். மேகம் இறங்கி வீட்டையே மூடிவிட்டது, என் கையும் தூரிகையும் தவிர ஒன்றும் தெரியவில்லை. பெரியவர்கள் கொடுத்த சீட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன்: 'மேகம் வந்து கதவு தட்டும், வீட்டில் இல்லை என்று சொல்.' 'வீட்டில்' வரைக்கும் முடித்திருப்பேன், ஆரஞ்சு மரத்துப் பக்கமிருந்து ஒரு குரல்.

"ராவுத்தரே, 'இல்லை' வேணாம். 'உண்டு'ன்னு போடுங்க."

காவல்காரர் மாயாண்டி என்றுதான் நினைத்தேன். "சீட்டுல 'இல்லை'ன்னுல்ல இருக்கு? மாத்துனா நாளைக்கு என்னையத்தான வைவாங்க" என்றேன்.

"சீட்டு கெடக்கு. வந்தவுகள வாசல்லயே திருப்பி அனுப்புனா நல்லாவா இருக்கு?"

பெரிதாக ஒரு தும்மல், பிறகு ஒரு சிரிப்பு. நம்பினால் நம்புங்கள், அந்தச் சிரிப்பு எனக்கும் தொற்றிக்கொண்டது, சிரித்துக்கொண்டே 'உண்டு' என்று எழுதி வரியையும் முடித்துவிட்டேன். இறங்கி வந்த பிறகுதான் என்ன காரியம் செய்தோம் என்று உறைத்தது. மேகம் விலகியிருந்தது. மரத்தடியில் யாருமில்லை.

மறுநாள் அந்த அம்மா வந்து சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"யாரு வந்தாலும் அவுக 'இல்லைன்னு சொல்லு'ம்பாக. கடைசியா படுக்கையில கெடக்கையிலதான், 'அந்த வரிய மாத்தணும், உண்டுன்னு சொல்லு'ன்னாக. நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லலையே, ஒங்களுக்கு யாருங்க சொன்னது?"

நான் மாயாண்டியைப் பார்த்தேன். "என்னையப் பாக்காதீக. நேத்து வெள்ளனே கீழ எறங்குனவன், இப்பத்தான் ஏறி வாரேன்" என்றார் அவர். குரல் வந்ததையும் அது சொன்னதையும் அந்த அம்மாவிடம் சொன்னேன்.

"நடுவுல தும்முனாகளா? அவுகளுக்குச் சிரிப்புக்கு முந்தி தும்மல் வரும்."

"ஆமாங்கம்மா. பலமா."

அந்த அம்மா இடுப்பில் செருகியிருந்த வீட்டுச் சாவியை எடுத்துப் பெரியவர்கள் கையில் கொடுத்தார். "வீடு இருக்கட்டும். ஆளு இருக்காகல்ல" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் மழை முடிந்ததும் நான்தான் போய் அந்த வரிக்கு வர்ணம் பூசுகிறேன். அந்தக் குளிருக்கும் சாரலுக்கும் மற்ற எழுத்தெல்லாம் வெளுத்துப் போயிருக்கும். 'உண்டு' மட்டும் நேற்று எழுதியது போல இருக்கும். அன்றைக்கு எல்லாவற்றையும் எழுதியது அதே டப்பா, அதே தூரிகை, அதே கைதான். இதுவரை அந்த ஒரு சொல்லை நான் இரண்டாம் முறை தொட்டதில்லை.