பேரைக் கேட்க வேண்டாம்

ஜேர்மனியில் யூரோ வந்த புதிது. தம்பியின் அகதி வழக்குக்கு வியாழக்கிழமை நீதிமன்றத்தில் டெர்மின், விசாரணை நாள். இதிலும் தோற்றால் இலங்கைக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள். புதன்கிழமை எனக்கு ஹாலே ஆவணக் காப்பகத்தில் வேலை. வேறு நாள் கேட்டிருக்கலாம். வீட்டில் இருந்தால் அவனைக் கரித்துக் கொட்டியே தீர்த்துவிடுவேன் என்பதால் ரயில் ஏறினேன்.

நான் தமிழுக்கும் ஜேர்மனுக்கும் இடையில் மொழிபெயர்க்கிறவள். அகதி விசாரணைகள்தான் என் பிழைப்பு. சொந்தத் தம்பிக்கு மட்டும் மொழிபெயர்க்க விடமாட்டார்கள். ஊர்க் கலவரத்தில் கடைத்தெரு எரிந்தபோது, இரண்டு முனையையும் பொலிஸ் மறித்து நின்று வேடிக்கை பார்த்ததை முதல் விசாரணையில் அவன் சொல்லியிருந்தான். அப்படியானால் நீ எப்படி வெளியே வந்தாய் என்று அதிகாரி கேட்டார். "ஓடினன்" என்றான். யார் நம்புவார்கள்? நிராகரித்துவிட்டார்கள்.

உண்மையில் ஒரு பொலிஸ்காரர்தான் அவனை ஜீப்புக்குள் படுக்க வைத்துக் கொண்டுபோய் விட்டவர். எனக்குச் சமையலறையில் சொன்னவன் அங்கே விழுங்கிவிட்டான். பொலிஸ் காப்பாற்றியது என்றால் கேஸ் போச்சு என்று அகதி முகாமில் அண்ணைமார் ஓதியிருப்பார்கள். வக்கீல் வேலை பார்க்க நம்மவர்களுக்குச் சொல்லித் தரவா வேண்டும்!

காப்பகத்தில் ஓர் ஆய்வாளர் அம்மா காத்திருந்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் தமிழகத்துக் கடற்கரைப் பட்டணம் ஒன்றில் நடந்த சாதிக் கலவரத்தில் கோட்டை அதிகாரிகள் என்ன செய்தார்கள் என்று ஒரு துணி வியாபாரி கொடுத்த சாட்சியம் அவரிடம் இருந்தது. அன்றைய பாதிரிமார் அனுப்பிவைத்த ஏடு; மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லாத அந்த எழுத்து அவரை இடறியது. நான் வாசித்து வாசித்து ஜேர்மனில் சொன்னேன். எங்கள் தொழில் வழக்கப்படி, 'நான்' என்று சாட்சியாகவே பேசினேன். துரைமார் கோட்டை வாசலைச் சாத்திவிட்டு மேலே நின்று பார்த்தார்கள். என் கடை எரிந்தது. அவர்களுடைய சேவகன் ஒருவன் என்னைத் தன் பின்னால் மறைத்துக் கூட்டிப்போனான். அவன் பேரைக் கேட்க வேண்டாம்.

"இதனால்தான் இவரை நம்புகிறேன்," என்றார் அம்மா. "குற்றம் சொல்ல வந்தவர், அதற்கு உதவாததையும் மறைக்கவில்லை."

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெளியே ஓடித் தம்பிக்குப் போன் எடுத்தேன்.

"நாளைக்கு அந்தப் பொலிஸ்காரரைப் பற்றிச் சொல்லு."

"ஏலாது அக்கா."

"முகாமில ஆர் என்ன சொன்னாலும் விடு. சொல்லடா, விசரா!"

வைத்துவிட்டான்.

மறுநாள் நீதிமன்றத்தில் பின்வரிசையில் இருந்தேன். என் கால் ஆட்டத்தில் முன் நாற்காலியும் ஆடியது. நீதிபதி அதே கேள்விக்கு வந்தார். தம்பி திரும்பிப் பார்த்தான். கண்ணாலேயே திட்டினேன். ஜீப்பைச் சொன்னான்.

"இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" என்று நீதிபதி கேட்டார்.

முகாமைச் சொல்லித் தொலைக்கப் போகிறான் என்று பதறினேன்.

"அவர் இப்பவும் அதே ஸ்டேசனிலதான் ஐயா நிக்கிறார். நான் இஞ்ச சொல்லுறது அங்க போச்செண்டால் அவரை உயிரோட விடமாட்டாங்கள். பேரை மட்டும் கேக்காதேங்கோ."

முந்தைய நாள் காப்பகத்தில் இதையே என் வாயால் சொல்லியிருந்தேன். எனக்கு உறைக்கவில்லை. இப்போது வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

தம்பிக்கு விசா கிடைத்தது. நீதிபதி பேரைக் கேட்கவில்லை. இன்றுவரை நானும் கேட்கவில்லை.