பெட்டியில் எழுதிய ஊர்

குவைத்தில் எங்கள் கட்டடத்தில் யார் ஊருக்குப் போனாலும் பெட்டியில் பெயர் எழுதுவது நான்தான். அட்டைப்பெட்டியை நைலான் கயிற்றால் வரிந்து கட்டியதும் மார்க்கர் பேனாவோடு போய் நிற்பேன். பெயரும் ஊரும் நான்கு பக்கமும் தெரிய வேண்டும். ஒன்பது வயதில் அந்தப் பதவியால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது.

ஈராக் படை நுழைந்தபோது நாங்களும் பெட்டிகளில் குளச்சல் என்று எழுதிக்கொண்டுதான் ஓடினோம். போர் முடிந்து கம்பெனி கூப்பிட்டதும் திரும்பி வந்தோம். எங்கும் போகாமல் அங்கேயே இருந்த எதிர் வீட்டுப் பாலஸ்தீனக் குடும்பம் இப்போது பெட்டி கட்டியது. அந்த வீட்டு மாமாவின் இக்காமாவை, அதாவது அங்கே தங்குவதற்கான அனுமதியை, இனிப் புதுப்பிக்க மாட்டார்களாம். மாத முடிவுக்குள் ஐந்து பேரும் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும்.

மாமா என்ன தப்பு செய்தார் என்று அப்பாவிடம் கேட்டேன்.

"அவரு ஒண்ணும் செய்யல்ல மக்களே. அவங்க தலைவருவ ஈராக் பக்கம் பேசிட்டாங்க. அதுக்கு எல்லாரையும் வெரட்டுதாங்க."

எனக்கு அது விளங்கவில்லை. ஆனாலும் பேனாவோடு போய், பள்ளி ஆங்கிலத்தில் மாமாவிடம் ஊர் கேட்டேன். ஜோர்தானில் இருக்கும் அம்மான் என்றார். அதுதான் சொந்த ஊரா என்றேன். இல்லை, அதைப் பார்த்ததே இல்லை என்றார். சொந்த ஊர் என்று தன் அப்பா பிறந்த ஒரு கிராமத்தைச் சொன்னார். அங்கேயே போகலாமே என்றால், அது இப்போது இஸ்ரேல், விட மாட்டார்கள் என்றார். இவ்வளவு பெரிய மனிதருக்கு ஊர் விஷயத்தில் இத்தனை குழப்பமா என்று வியந்தேன்.

என் வயதுள்ள அவர் மகள்தான் தீர்த்துவைத்தாள். "நான் பிறந்த ஊரை எழுது" என்றாள். ஏழு பெட்டிகளிலும் எங்கள் கட்டடத்தின் முகவரியையே எழுதினேன்.

அப்பா பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "போற ஊரல்லா எழுதணும்! விட்டுட்டுப் போற ஊரையா எழுதுவாவ?" என்று பேனாவைப் பிடுங்கி, எழுதியதை அடிக்கப் போனார். மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கலாஸ், போதும்" என்றார். "இருக்கட்டும்."

பெட்டிகளை ஏற்றிய லாரி தெருமுனையில் திரும்பும்வரை என் கையெழுத்து தெரிந்தது. வழியில் பெட்டி தொலைந்தாலும் இங்கேயே வந்து சேரட்டும் என்றுதான் மாமா அதை அழிக்கவிடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பல மாதங்கள், பள்ளி விட்டு வந்ததும் முதல் வேலையாக எதிர் வீட்டு வாசலில் பெட்டி ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.