அக்கா தேடிய பிழை

அந்தத் தாளை முதலில் பார்த்தபோது அச்சுப்பொறிதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் மூன்று விரல்கள் தெரிந்தன. ஒரு ரப்பர் கையுறையின் விரல்கள். நல்ல கையுறை எத்தனை, ஓட்டை விழுந்தது எத்தனை என்று எண்ண வேண்டிய நிரல் திடீரென்று உளறத் தொடங்கியிருந்தது. அந்த நிரலுக்குரிய நினைவகப் பகுதியை அப்படியே எடுத்து, படமாக்கி, அச்சிட்டு என் மேசையில் வைத்தார் அக்கா. “பாரு, கேமரா எடுத்த படம் இங்க வந்து உக்காந்திருக்கு. எப்படி வந்துச்சு?” என்றார்.

அவர் என் சொந்த அக்கா அல்ல. ஈப்போ நகரத்தில் ஒரு சின்ன நிறுவனத்தில் நாங்கள் இரண்டு பெண்களும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் அக்கா. பீடோர் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்தவர். தோட்டத்தை முதலாளி விற்றதும் ஈப்போவை ஒட்டிய புந்தோங்குக்கு வந்த குடும்பம். அவருடைய அப்பா லோரி ஓட்டினார். மூத்த மகள் கம்ப்யூட்டருக்குள்ளே வேலை செய்கிறாள் என்று கடைத்தெருவில் எல்லோரிடமும் சொல்வாராம். அதைச் சொல்லும்போது அக்காவுக்கு வெட்கமாகவும் இருக்கும், பிடித்தும் இருக்கும்.

தைப்பிங் பக்கத்தில் இருந்த ஒரு கையுறைத் தொழிற்சாலைக்கு நாங்கள் ஓர் இயந்திரம் செய்துகொண்டிருந்தோம். ஓடும் சங்கிலியில் தொங்கி வரும் கையுறைகளைக் கேமரா படம் பிடிக்கும். ஓட்டை இருந்தால் காற்று அடித்துத் தள்ளிவிடும். கேமரா படங்களைக் கணினிக்குள் கொண்டு வரும் கார்டையும் கணினியையும் பேச வைக்கும் பகுதியை அக்கா எழுதினார். தொழிற்சாலையில் நின்ற கணினி என் பொறுப்பு.

இங்கே கொஞ்சம் விளக்கியாக வேண்டும். கணினியின் நினைவகத்தில் யாருக்கு எந்த இடம் என்று முடிவு செய்வது கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி. கேமரா கார்டு போன்ற கருவிகள் ஒவ்வொரு புள்ளிக்கும் செயலியைக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. கெர்னல் கொடுத்த முகவரியில் தாங்களே நேராக எழுதிவிடும். ஆனால் அது உண்மையான முகவரி அல்ல. நடுவில் ஓர் அட்டவணை இருக்கிறது. கார்டு சொல்லும் முகவரியை அதுதான் உண்மையான இடமாக மாற்றித் தரும். வேலை முடிந்ததும் கெர்னல் அந்தப் பதிவை அழித்துவிட்டு இடத்தை வேறொரு நிரலுக்குக் கொடுக்கும். அதன் பிறகு கார்டு எழுத முயன்றால் அட்டவணை தடுத்துவிடும், தடுத்ததைக் குறித்தும் வைக்கும். அட்டவணையை அணைத்துவிட்டாலோ தடுக்க யாருமில்லை. “கார்டு நிறுத்திட்டேன்னு சொல்லும், அத நம்பக்கூடாது லா. அட்டவணை இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்” என்பார் அக்கா.

அந்த அட்டவணையை நான் அணைத்தேன். சோதனை ஓட்டத்துக்கு முதல் நாள் தொழிற்சாலையின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் சில படங்கள் தவறிக்கொண்டிருந்தன. முகவரியை மாற்றித் தர ஆகும் அந்தத் துளி நேரம்தான் காரணம் என்று கண்டுபிடித்தேன். கணினி தொடங்கும்போது படிக்கும் கட்டளை வரியில் ஒரே ஒரு சொல்லை மாற்றினேன். படங்கள் தவறவில்லை. பார்க்க வந்தவர்கள் கைகுலுக்கினார்கள். பிறகு திருப்பி மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். மறந்தேன் என்று சொல்ல மாட்டேன், நன்றாக ஓடுகிறதே என்று விட்டுவிட்டேன்.

இரண்டு மாதத்தில் அந்த மூன்று விரல்கள் வந்தன. அதற்குள் ஓட்டைக் கையுறைகள் நல்ல பெட்டிகளுக்குள் போய், கப்பல் ஏறி, வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டன. தாளைப் பார்த்த சிறிது நேரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. அக்கா என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: “அங்க அட்டவணை ஆன்ல தானே இருக்கு? நீ எதுவும் மாத்தலையே?”

“இல்லக்கா. எதுவும் மாத்தல.”

மறுநாள் காலை அவருக்கு முன்பாகவே தொழிற்சாலைக்குப் போய் அந்தச் சொல்லைப் பழையபடி வைத்தேன். பத்து மணிக்கு வந்து பார்த்தவர், எல்லாம் சரியாக இருக்கக் கண்டார். தொழிற்சாலைக்காரர்கள் அன்றே இயந்திரத்தை நிறுத்திவிட்டதால் பிழையை மறுபடி வரவழைத்துப் பார்க்கவும் வழியில்லை. அட்டவணையைச் சந்தேகிக்க இடமில்லை என்றானதும், அவருக்கு மிஞ்சியது அவர் எழுதிய நிரல் மட்டும்தான்.

மூன்று வாரம் அதைப் படித்தார். ஒவ்வொரு வரியாக, பென்சிலால் குறித்துக்கொண்டு. முதல் வாரம் என்னிடம் சத்தமாக வாதாடினார். இரண்டாம் வாரம் பேச்சு குறைந்தது. மூன்றாம் வாரம், கார்டை நிறுத்தும் பத்து வரிகளைத் திரும்பத் திரும்ப எழுதி, அழித்து, எழுதிக்கொண்டிருந்தார். “என் கண்ணுக்கு ஏன் தெரிய மாட்டேங்குது?” என்று ஒருநாள் கேட்டார். நான் தேநீர் வாங்கி வந்து வைத்தேன்.

அந்த மூன்று வாரமும் அவருடைய அப்பா நுரையீரல் நோயோடு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார். எங்கள் அலுவலகத்திலிருந்து மோட்டாரில் பதினைந்து நிமிடம். மாலையில் ஓடிப்போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு நிரலின் தாள்களோடு வீட்டுக்குப் போவார். தொழிற்சாலைக்காரர்கள் விளக்கம் கேட்டு வந்த நாளன்று காலை அவருடைய அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார். “மீட்டிங் முடிஞ்சதும் வாரேம்மா” என்று சொல்லி அக்கா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். பக்கத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். கூட்டம் நடக்க நடக்க அது மேசைமேல் நாலைந்து முறை அதிர்ந்தது. “எங்கன்னு தெரியல, ஆனா தப்பு என் பகுதியிலதான் இருக்கணும்” என்று அவர் எல்லோர் முன்னும் சொன்னபோது நான் என் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்களாம்.

அப்பாவின் காரியம் முடிந்த வாரமே அக்கா வேலையை விட்டார். யாரும் விலகச் சொல்லவில்லை. இனிமேல் தான் எழுதுவதைத் தன்னாலேயே நம்ப முடியாது என்றார். புந்தோங்கில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பதாகக் கேள்விப்பட்டேன். நான் அவருடைய இடத்துக்கு உயர்ந்தேன். ஏழு வருடங்கள். அவருடைய நிரலிலும் எங்கோ ஒரு தவறு இருந்திருக்கும், முழுப் பழியும் என்னுடையதல்ல என்று சொல்லிச் சொல்லி நாட்களைக் கடத்தினேன்.

போன மாதம் அந்தக் கார்டைச் செய்தவர்களிடமிருந்து ஒரு திருத்தக் குறிப்பு வந்தது. நிறுத்திவிட்டேன் என்று கார்டு தெரிவித்த பிறகும், உள்ளே தேங்கிய படத்தில் சில வரிகளை அது எழுதக்கூடும் என்று போட்டிருந்தது. அக்கா எழுதியதில் பிழையே இல்லை. கார்டு பொய் சொன்னது. அந்தப் பொய்யைத் தடுக்கவென்றே இருந்த அட்டவணையை நான் அணைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை புந்தோங்குக்குப் போனேன். அக்காவின் முன்முடியில் நரை. குறிப்பைக் கையில் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தலைகுனிந்து இரண்டு முறை படித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“அப்ப நான் எழுதுனது சரியாத்தான் இருந்துச்சா?” என்றார்.

“சரியாத்தான் இருந்துச்சுக்கா.”

குறிப்பை நான்காக மடித்தார். பிறகு, “அம்மா உள்ளதான் இருக்கு. எந்நேரமும் கெர்ஜா கெர்ஜான்னு வேலையக் கட்டிக்கிட்டு அப்பாவ விட்டுட்டேன்னு அதுக்கு என்மேல கோவம். நீயே போய்ச் சொல்லு. நான் சொன்னா எடுபடாது” என்றார்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டிக் காய்த்த கைகளோடு அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அட்டவணை, முகவரி என்று தொடங்கித் தடுமாறினேன். கடைசியில், “ஒரு குடும்பம் காலி பண்ணிட்டுப் போன வீட்டுல வேற குடும்பம் வந்துட்டாங்கம்மா. சாமான் கொண்டு வர்றவன் அது தெரியாம பழைய குடும்பத்துச் சாமானை உள்ள கொண்டாந்து கொட்டிட்டான். அவனைத் தடுக்க வாசல்ல ஒரு ஜாகா இருந்தாரு. அந்தக் காவலாளியப் போகச் சொன்னது நான். அக்கா மேல பழி வந்தப்பவும் சொல்லாம இருந்துட்டேன்” என்றேன்.

“அப்ப இவ மூணு வாரமா தேடுனது?”

“அங்க இல்லவே இல்லம்மா.”

அவர் வாசலில் நின்ற மகளைப் பார்த்தார். “அப்பா தூங்கிட்டே போயிட்டாருன்னு ஒங்கிட்ட சொன்னேன். அப்படி இல்லடி. முழிச்சுக்கிட்டுதான் இருந்தாரு. பெரியவ வந்துட்டாளான்னு மூணு தடவ கேட்டாரு. கோவத்துல மறைக்கல. நீ தாங்க மாட்டேன்னுதான் சொல்லல.”

அக்கா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எழுந்து அவரிடம் போகப் பார்த்தேன். அவருடைய அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். குரல் உயரவேயில்லை.

“மூணு வாரம் இவ பக்கத்துலயே இருந்தியேம்மா. அதுல ஒரு நாளு சொல்லியிருக்கலாமே.”

அவர் என் கையை விட்டுவிட்டு, மகளின் அருகே போய்த் தரையில் உட்கார்ந்தார்.